டிஜிட்டல் கேபிளில் அனலாக் ஒலி: எங்கே தவறு நடக்கிறது?

'டிஜிட்டல்' என்று அச்சடித்த கேபிளில் அனலாக் ஒலியை அனுப்பினால் எதுவும் கெட்டுப்போகாது. சொல்லப்போனால் 110 ஓம் ஏஇஎஸ் கேபிள் (ஸ்டுடியோ, மேடைகளில் டிஜிட்டல் ஒலிக்குப் போடும் கேபிள்) மைக்குக்குப் போட சாதாரண மைக் கேபிளைவிட ஒரு படி மேல். சாதாரண மைக் கேபிளில் கெப்பாசிட்டன்ஸ் (கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை; இது கூடினால் உயர் அதிர்வெண்கள் மங்கும்) மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும், ஏஇஎஸ் கேபிளில் அதில் பாதிதான். 600 ஓம் அவுட்புட்டிலிருந்து 100 மீட்டர் இழுத்தால், சாதாரண கேபிளில் 26 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே 3 டெசிபல் குறைந்துவிடும். ஏஇஎஸ் கேபிளில் 50ஐத் தாண்டித்தான் அது நடக்கும். வீட்டில் இரண்டு மீட்டருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அதற்காகக் கூடுதல் காசும் கொடுக்க வேண்டாம்.

வம்பு வருவது தலைகீழாக, மைக் கேபிளில் டிஜிட்டல் சிக்னலை அனுப்பும்போதுதான். 48 கிலோஹெர்ட்ஸ் ஏஇஎஸ் சிக்னல் 6 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அங்கே 110 ஓம் என்ற இம்பிடன்ஸ் எண்ணுக்கு (வேகமான சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்தடை) அர்த்தம் உண்டு. நீளமான மைக் கேபிளில் அந்த எண் பொருந்தாமல் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும்; 'டிக் டிக்' சத்தம், நடுநடுவே மௌனம். இரைச்சலைத் தடுக்க வாங்கும் ஸ்டார் குவாட் கேபிள் இதற்கு இன்னும் மோசம், அதன் கெப்பாசிட்டன்ஸ் அதிகம்.

வீடுகளில் அதிகம் நடப்பது வேறு. டிவியின் ஆரஞ்சு நிற கோஆக்சியல் துளையில் கேபிளைச் செருகி, மறுமுனையை ஆம்பின், அனலாக் மட்டுமே ஏற்கும் சிவப்புத் துளையில் மாட்டுவார்கள். கேபிளின் பின் (செருகும் முனை) கச்சிதமாகப் பொருந்தும். பாட்டு வராது, சில நேரம் வெறும் இரைச்சல் வரும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் தீராது, நடுவில் ஒரு டாக் (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் பெட்டி) வேண்டும். அதையும் வாங்கிய பிறகு சத்தம் வரவில்லையா? டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை டால்பியிலிருந்து பிசிஎம்முக்கு (சுருக்காத டிஜிட்டல் ஒலி) மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், டிஷ் ஆன்டெனாவுக்குப் போட்டு மிஞ்சிய ஆர்ஜி6 வயர். கோஆக்சியல் ஆடியோ கேபிளைப் போல அதுவும் 75 ஓம்தானே என்று ஆர்சிஏ பின் (மேலே சொன்ன டிவி, ஆம்ப் துளைகளில் செருகும் ரகம்) வைக்கப் பார்ப்பார்கள். நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. வெளிப்பின்னல் அலுமினியம், அதில் சாதாரண சால்டர் ஈயம் ஒட்டவே ஒட்டாது. முறுக்கிவிட்டு அழுத்தினால் சில மாதத்தில் தொடர்பு தளரும். ஆர்சிஏவில் சிக்னல் திரும்பிவரும் வழியே அந்தப் பின்னல்தான். அது தளர்ந்தால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' தானாக வந்து உட்காரும். செம்புப் பின்னல் உள்ள 75 ஓம் கேபிள் என்றால் தாராளமாகப் போடலாம்.

மேடையில் கவனிக்க வேண்டியது விறைப்பு. சுவருக்குள் பதிக்கச் செய்த ஏஇஎஸ் கேபிளைத் தினமும் சுருட்டி விரித்தால் உள்ளே கம்பி முறியும். மேடைக்கென்று வரும் வளையும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.