படத்துக்கு மாலை வேண்டாம், பாசிமணி போதும்: கொரானா நினைவுநாளைப் பள்ளியில் நடத்துவது எப்படி

இருபத்தாறு வருடம் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் மரபுக் குறியீடு, அதாவது மரபுப்பொருளின் எழுத்துகளைப் படித்து உயிரணு எப்படிப் புரதம் கட்டுகிறது என்ற பாடம் நடத்தும்போதெல்லாம், அந்தக் குறியீட்டைக் கண்டறிந்த விஞ்ஞானிகளில் ஒருவரான ஹர் கோபிந்த் கொரானாவின் பெயரை ஒரு வரியில் கடந்து போவோம். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. 2011 நவம்பர் 9 அன்று, அமெரிக்காவில் கன்கார்ட் என்ற ஊரில், 89 வயதில் அவர் காலமானார். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து பள்ளியில் அவருக்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினேன். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டால் போய் நடத்திக் கொடுக்கிறேன். வேறு பள்ளிகளிலும் யாராவது செய்யலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள். நவம்பர் 9 என்றால் எங்கள் பக்கம் ஐப்பசி மழை. இரண்டு முறை பள்ளிக்கு விடுமுறை விட்டு, ஏற்பாடெல்லாம் வீணாகிவிட்டது. அதனால் ஜனவரி 9-க்கு மாற்றிக்கொண்டேன். 1922 ஜனவரி 9 என்பது சான்றிதழில் இருக்கிற பிறந்த தேதி. உண்மையான தேதி சரியாகத் தெரியாது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தங்கள் வீட்டுப் பாட்டிக்கும் அப்படித்தான் என்று ஒருவராவது சொல்லும்.

அரங்கம் இருந்தாலும் மரத்தடியில் உட்கார வையுங்கள். கொரானா முதல் நான்கு வருடம் படித்தது மரத்தடியில்தான். பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற சிற்றூர், மொத்தம் நூறு பேர் இருந்திருப்பார்கள். அப்பா பட்வாரி, அதாவது நம் ஊர்க் கர்ணம் மாதிரி நிலக்கணக்கு பார்ப்பவர். வசதி கிடையாது. ஆனாலும் ஐந்து பிள்ளைகளையும் படிக்க வைத்தார். அந்த ஊரிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய இவர்களுடையது மட்டும்தான். கொரானா கடைக்குட்டி.

இங்கேயே தொடங்குங்கள். 1968 நோபல் பரிசிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் வருடம் நான் அப்படித்தான் தொடங்கினேன். "பெரிய மனுசர், நமக்கென்ன" என்று பிள்ளைகள் மனசுக்குள் தள்ளி வைத்துவிட்டதை முகத்திலேயே பார்த்தேன்.

அப்புறம் மணி கோர்ப்பது. இந்த மாலைப்பொழுதின் உயிரே இதுதான், முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். சிவப்பு, வெள்ளை என இரண்டு நிறத்தில் பாசிமணி, தடித்த நூல், நான்கு பேருக்கு ஒரு தட்டு. சிவப்பு என்றால் ஆர்என்ஏவில் (டிஎன்ஏவின் செய்தியைச் சுமக்கும் இழை) வரும் 'யூ' என்ற எழுத்து, வெள்ளை என்றால் 'சி'. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி முப்பது மணி கோர்க்கச் சொல்லுங்கள். கொரானாவின் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் இழைகளைத்தான் செய்தார்கள். அதைப் படித்து உயிரணுச் சாறு எந்தப் புரதத்தைக் கட்டுகிறது என்று பார்த்தார்கள். செரின், லியூசின், செரின், லியூசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள், அதாவது புரதம் என்ற சங்கிலியின் கண்ணிகள், மாறி மாறி வந்தன.

இதைச் சொல்லி, ஒரு அமினோ அமிலத்துக்கான 'சொல்' எத்தனை எழுத்து என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மணிகளை இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்கட்டும்: எல்லாச் சொல்லும் ஒன்றுபோல இருக்கும். நான்கு நான்காகப் பிரித்தாலும் அதே கதைதான். மூன்று மூன்றாகப் பிரித்தால் சிவப்பு-வெள்ளை-சிவப்பு, வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்று இரண்டு விதச் சொற்கள் மாறி மாறி வரும். ஐந்து என்று ஒரு பிள்ளை சொல்லும், அதுவும் சரிதான். இந்த இழை சொல்வது ஒற்றைப்படை என்பதை மட்டும்தான். ஒரு முறை பின்வரிசையில் பேசாமலே இருக்கும் ஒரு பையன், விரல் நகத்தால் மணிகளைத் தள்ளித் தள்ளி எண்ணிவிட்டு, "மிஸ், எங்க ஆரம்பிச்சாலும் ரெண்டுதான் வருது" என்றான். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த இழை சிவப்பு-சிவப்பு-வெள்ளை. இதை மூன்று இடத்தில் தொடங்கலாம், மூன்று வேறு சொற்கள் வரும். அவற்றுக்குரிய அமினோ அமிலங்கள்: ஃபினைல் அலனின், செரின், லியூசின். ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கிலியாக வரும். முதல் இழையை மட்டும் வைத்து எந்தச் சொல் செரின், எது லியூசின் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இழை மேல் இழையாகச் செய்ய வேண்டியிருந்தது. ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளை வைத்து அமையக்கூடிய 64 மூன்றெழுத்துச் சொற்களையும் ஒவ்வொன்றாக வேதியியல் முறையில் செய்தார்கள். முப்பது மணி கோர்த்துக் கழுத்து வலித்த பிள்ளைக்கு 64 என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம்.

பெயரைக் கேட்டு "கொரோனாவா?" என்று சிரிப்பார்கள். 2020-க்குப் பிறகு இது தவறுவதே இல்லை. அதட்டாதீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனை நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குத் தேவையான பிரைமர்கள், ஆய்வுக்கூடத்தில் எழுத்து எழுத்தாகக் கோர்த்துச் செய்கிற குட்டி டிஎன்ஏ துண்டுகள். அப்படிக் கோர்ப்பதற்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் கொரானா. 1970-ல் ஒரு முழு மரபணுவையே செய்து காட்டியது அவருடைய குழு.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக் கதைக்கு வாருங்கள். இதைக் கடைசியில் ஒட்டுகிற வால் மாதிரி இரண்டு வரியில் முடிக்காதீர்கள். 1945-ல் அரசு உதவித்தொகையில் லிவர்பூல் போனார். இரண்டு வருடத்தில் பிரிவினை வந்து, பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. 1949-ல் இந்தியா திரும்பியும் வேலை அமையவில்லை. மறுபடி இங்கிலாந்து, பிறகு கனடாவின் வான்கூவர், அமெரிக்காவின் விஸ்கான்சின், கடைசியாக அங்கேயே எம்ஐடி என்ற தொழில்நுட்பக் கழகம். எங்கே போனாலும் ஒட்டாமல், எதுவும் தன் ஊர் ஆகாமல் இருந்த அந்த நாட்களில், 1952-ல் எஸ்தர் என்ற சுவிஸ் பெண்ணை மணந்தார். தன் வாழ்க்கைக்கு ஒரு நிலையான நோக்கம் அவரால்தான் வந்தது என்று நோபல் வாழ்க்கைக் குறிப்பிலேயே பதிந்திருக்கிறது. மூன்று பிள்ளைகள். ஒரு மகளை 1979-ல் இழந்தார்கள். எஸ்தர் 2001-ல் காலமானார். அதற்குப் பிறகும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை, 2007-ல்தான் ஓய்வு.

இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டாம். எங்கள் வகுப்பில் அப்பா மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேராவது உண்டு. எதுவும் தன் ஊர் ஆகாத நிலை என்றால் அவர்களுக்கு அர்த்தம் தெரியும். சொல்ல விரும்பினால் சொல்லட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். "எங்கப்பா போன்ல எப்பவும் சாப்பிட்டியானுதான் கேப்பாரு" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும்தான்.

கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்த்து முடியுங்கள். சுண்டலை முதலிலேயே கொடுத்துவிட்டால் கையில் எண்ணெய் ஒட்டி மணி வழுக்கும், போகும்போது கொடுங்கள். கோர்த்த இழைகளை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை மட்டும் வாங்கி, கோர்த்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டி, ஆய்வக அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் வருகிற பிள்ளைகள் அக்கா அண்ணன் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள்.