தோட்டப்புறப் பெண்களின் கோரிக்கையை நகராண்மைக் கழகத்தின் பட்ஜெட்டில் ஏற்றுவது எப்படி

பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு இல்லை; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இல்லை; மண்டோர் (வேலைக் கண்காணி) வாய்க்கு வந்தபடி பேசுகிறார். மூன்றையும் ‘பெண்கள் பிரச்சினை’ என்று ஒரே மனுவில் எழுதி, நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்தில் கொடுத்தால் மூன்றும் நகராது. விளக்கு நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. ஆயாக்கொட்டகையைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். மண்டோர் விவகாரத்துக்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது, பாலியல் தொல்லைத் தீர்ப்பாயமும் இருக்கிறது. எந்தக் கவுன்டருக்கு எந்தத் தாள் என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே எழுதியிருப்பது தீபகற்ப மலேசியாவுக்கு. சபா, சரவாக்கில் தொழிலாளர் சட்டம் வேறு. பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) போன்ற கோலசிலாங்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், பேராக், கெடா, ஜொகூர் தோட்டப்புறங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நிலம் யாருடையது?

நம் ஊர்களின் அமைப்பு தெரிந்ததுதான். நடுவில் கடைத்தெரு, ஒரு பக்கம் தாமான் (வீடமைப்புப் பகுதி), அதைத் தாண்டினால் செம்பனை. லயத்து வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் பாதையில் முதல் பாதி தோட்டச் சாலை, மறுபாதி அரசாங்கச் சாலை. இருட்டு இரண்டிலும் ஒன்றுதான், பொறுப்பு மட்டும் வேறு. தோட்டத்துக்குச் சொந்தமான தனியார் சாலையில் கழகம் கம்பம் நடாது. “அது எங்கள் பகுதி இல்லை” என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியோடு எத்தனையோ மனுக்கள் செத்துப்போயிருக்கின்றன.

ஆகவே முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டி, நிலத்தின் உரிமையாளர் யார் என்று தேடிப் பாருங்கள். பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. பழைய மேனேஜர் வாயால் சொன்ன வாக்குறுதி புதிய கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. பெரிய சாலையாக இருந்தால் அது பொதுப்பணி இலாகாவின் கீழ் வருகிறதா என்றும் கேளுங்கள். பிறகு கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பாதையை மூன்று நிறத்தில் பிரியுங்கள்: தோட்டம், கழகம், பொதுப்பணி. நிறத்துக்கு ஒரு கடிதம்.

ஏற்கெனவே விளக்கு இருந்து எரியாமல் கிடந்தால் அது பழுதுப் புகார், பட்ஜெட் கோரிக்கை அல்ல. கம்பத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக் கழகத்தின் புகார் பிரிவுக்கு அனுப்பினால் போதும். எண் அழிந்திருந்தால் இருப்பிடக் குறியோடு படம் எடுத்து அனுப்புங்கள்.

ஆள் எண்ணுவது

“பெண்கள் பயப்படுகிறார்கள்” என்ற வரியை அதிகாரி படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். “காலை 5.15-க்கும் 6.15-க்கும் இடையில் இந்தப் பாதையில் இத்தனை பேர் நடக்கிறார்கள், அவர்களில் இத்தனை பேர் பெண்கள், இத்தனை பேர் தனியாக” என்றால் அதைப் பொறியியல் பிரிவுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

வேலை நாள் ஐந்தில், காலை 5 முதல் 6.30 வரை, மாலை 6.30 முதல் 8 வரை, இரண்டிரண்டு பேராக நின்று எண்ணுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். கட்டங்கள்: நேரம், ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, தனியாகவா துணையோடா, கையில் பிள்ளையோ சாமானோ உண்டா, எந்தத் திசை. பெயர் எழுத வேண்டாம். ஆண்களையும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் “விளக்கு எல்லாருக்கும்தானே” என்ற பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்காது. பெரும்பாலும் ஆண்கள் மோட்டார் சைக்கிளில் போவார்கள், பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடப்பார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தானா என்பதை நோட்டு காட்டும்.

எண்ணிக்கையில் விழாதவர்கள்தான் முக்கியம். இருட்டுக்குப் பயந்து மாலை ஷிப்டை விட்டவர், டியூஷனுக்கு மகளை அனுப்பாதவர் யாரும் அந்தப் பாதையில் நடக்கமாட்டார்கள். அதற்கு முப்பது நாற்பது வீடுகளில் ஒரே ஒரு கேள்வி: “போன மாதம் வெளியே போக முடியாததால் எந்த வேலையை, வகுப்பை, கிளினிக்கை விட்டீர்கள்?” ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் போங்கள். மாலையில் போனால் கணவரோ மாமியாரோ பதில் சொல்லிவிடுவார்கள். கோயில் மண்டபத்தில் தலைவர், செயலாளர் மேடையில் உட்கார்ந்திருக்கக் கூட்டம் போட்டுக் கேட்பதும் வீண். பின்வரிசையில் இருக்கும் அக்காமார்கள் வாயே திறக்கமாட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் பெண்கள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். பெர்மிட் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

இது புது வித்தை அல்ல. பினாங்குப் பெண்கள் மேம்பாட்டுக் கழகம் 2012 முதல் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து, பாலினப் பார்வையோடு மக்கள் பங்கெடுக்கும் பட்ஜெட் முறையைச் செய்து பார்த்தது. மலிவு விலை அடுக்குமாடிகளில் முதலில் குடியிருப்போர் கணக்கெடுப்பு, அடுத்துப் பெண்கள், ஆண்கள், பிள்ளைகள், முதியோர் என்று தனித்தனிக் குழுப் பேச்சு, அதன்பின் வாக்கெடுப்பு, கடைசியில் செயல்படுத்தல். நம் லயத்தில் இதைச் செய்ய ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை, நான்கு டப்பா போதும். டப்பாவில் ‘விளக்கு’, ‘ஆயாக்கொட்டகை’, ‘பஸ் நிறுத்தக் கூரை’, ‘கால்வாய்’ என்று ஒட்டி, பெண்களுக்கு ஒரு வரிசை டப்பா, ஆண்களுக்கு இன்னொரு வரிசை வையுங்கள். ஒன்றாகக் கலந்து எண்ணினால் முழு வேலையும் பாழ். இரண்டு வரிசையும் வேறு வேறு பதில் சொல்லும்போதுதான் கொள்கை பேச விஷயம் கிடைக்கிறது.

கடிதம்

மலாயில், ஒரே பக்கம். கழகத் தலைவருக்கு முகவரியிட்டு, பொறியியல் பிரிவு, உங்கள் வட்டாரக் கழக உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் மூவருக்கும் நகல். முதல் பத்தியிலேயே கோரிக்கை: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர். கம்பத்தின் எண்ணிக்கையை நீங்கள் சொல்ல வேண்டாம். அது பொறியாளர் வேலை. பன்னிரண்டு கேட்டுப் பன்னிரண்டையும் தாமான் பக்கமே நட்டுவிட்டால் மறுபடி வாய் திறக்க முடியாது. இரண்டாம் பத்தியில் எண்ணிக்கை. மூன்றாவதில், அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கும்படியும், 30 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும்படியும் கேளுங்கள். “ஆவன செய்ய வேண்டுகிறோம்” என்று முடித்தால் அவரும் ஆவன செய்வதாகச் சொல்லி முடித்துவிடுவார்.

கையெழுத்துப் பட்டியலில் பெயர், வீட்டு எண், கையெழுத்து போதும். அடையாள அட்டை எண்ணும் கைபேசி எண்ணும் வேண்டாம். அந்தத் தாள் பத்துக் கை மாறும், ராத்திரியில் வேண்டாத அழைப்பு வரும். கவுன்டரில் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு சாப் குத்தி வாங்குங்கள். சாப் இல்லாத கடிதம் போய்ச் சேராத கடிதம் மாதிரிதான்.

காலம் தப்பினால் ஓராண்டு போய்விடும். கழகத்தின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டைப் பொதுவாக ஆண்டு நடுவிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நவம்பரில் நீட்டும் மனு அடுத்த ஆண்டையும் தாண்டி அதற்கடுத்த ஆண்டுக்குத்தான். பிப்ரவரி, மார்ச்சில் எண்ணி, ஏப்ரலில் கடிதம் கொடுத்து, மே, ஜூனில் ஆளைப் பார்க்க வேண்டும்.

யாரைப் பார்ப்பது? 1976 ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கழகம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்காரலாம். ஆனால் செயற்குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை, பேரம் முடிவதும் அங்கேதான். அதனால் குழுக் கூடுவதற்கு முன்பே உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து கழக உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. அவருக்கு உங்கள் ஓட்டு தேவையில்லை. சட்டமன்ற உறுப்பினருக்குத் தேவை. நகல் அவருக்கும் போக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இதே கோப்பில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம். பொதுத்துறையில் முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் என்பது 2004 முதல் அரசாங்கக் கொள்கை. உங்கள் கழகத்தில் எத்தனை பெண் உறுப்பினர்கள், அவர்கள் எந்தெந்தக் குழுவில்? உட்கட்டமைப்புக் குழுவில் ஒருவர்கூட இல்லாமல், எல்லாரும் சமூகநலக் குழுவில் மட்டும் இருந்தால் அது கேட்க வேண்டிய கேள்விதான். சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இதை எழுதிக் கேட்கலாம். பினாங்கிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு.

தோட்டத்துக்குள்ளே

இங்கே கொள்கை வேண்டும் என்று போராட வேண்டியது குறைவு, இருக்கும் சட்டத்தை நிர்வாகத்தின் மேசையில் வைப்பதுதான் வேலை. 1955 வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. விடுப்புச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். அதில் கடைசி 4 மாதத்துக்குள் எப்போதாவது வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். ஏற்கெனவே 5 பிள்ளைகள் இருந்தால் சம்பளம் இல்லை, விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) நின்று மண்டோரிடம் வாயால் மட்டும் சொன்னால், பிறகு அதை நிரூபிப்பது கஷ்டம். கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனுக்கும் 7 நாள் விடுப்பு உண்டு: திருமணம் பதிவாகி, அதே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்திருந்தால். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவுக்குப் போகாதவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் இதுவும் ஒன்று.

கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்தினால், அதற்குக் கர்ப்பம் காரணமில்லை என்று காட்ட வேண்டியது முதலாளி. மருந்தடிக்கும் வேலையிலிருந்து மாற்றும்படி கர்ப்பிணிகள் எழுதிக் கேட்கும்போது கிளினிக் புத்தக நகலையும் இணையுங்கள்.

அதிகம் சிக்குவது குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பெண்கள். “நீ தோட்டத்து ஆள் இல்லை, கான்ட்ராக்ட்” என்று எல்லாவற்றுக்கும் கதவடைப்பார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை செய்யும் விதத்தையோ நேரத்தையோ இன்னொருவர் கட்டுப்படுத்தினால், கருவி அவர் கொடுத்தால், சம்பளம் ஒழுங்கான இடைவெளியில் வந்து அதுதான் உங்கள் பிரதான வருமானமாக இருந்தால், நீங்கள் தொழிலாளி என்றே சட்டம் ஊகிக்கும், 101சி பிரிவு. ஆகவே பம்பு யார் கொடுத்தது, நேரம் யார் சொன்னது, காசு எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். ஆளுக்கொரு சின்ன டைரி, அவ்வளவுதான் ஆதாரம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். நாளுக்கோ துண்டுக்கோ கூலி வாங்குபவரும் அந்தக் கணக்கில் வருவார்.

பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும், 81எச் பிரிவு. தோட்ட ஆபீஸ் சுவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே முதல் கடிதம், யாரையும் குற்றம் சாட்டாமல் கேட்கக்கூடியது. அடுத்து, புகாரை வாங்க ஒரு பெண் ஊழியரை நியமிக்கும்படி கேளுங்கள். மண்டோரைப் பற்றிய புகாரை மண்டோர் வழியாகவே கொடு என்றால் யார் கொடுப்பார்? புகார் வந்தும் விசாரிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. விசாரிக்க மறுத்தால் காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

தொல்லை கொடுத்தவர் முதலாளியோ தொழிலாளியோ இல்லாமல், கடைக்காரர், பஸ் டிரைவர் என்றால்? 2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் 8 முதல் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடும், மன்னிப்பு அறிக்கையும் உத்தரவிடலாம். விசாரணை மூடிய அறையில். வழக்கமாக வக்கீல் வைக்க முடியாது, வக்கீல் செலவும் இல்லை. தேதி, இடம், சொன்ன சொல், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். அருவருப்பில் உடனே அழித்துவிடுவதுதான் இந்தப் புகார்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

வீட்டில் அடி விழும் விஷயத்துக்கு மேலே சொன்ன எந்த நாள்காட்டியும் பொருந்தாது. தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, எந்நேரமும். சமூகநல அதிகாரி தரும் 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவுக்குப் போலீஸ் புகார் தேவையில்லை. “முதலில் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் எடுத்து வா” என்று யாராவது திருப்பி அனுப்பினால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தம் என்று சொல்லி, மேலதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள்.

“நிதி ஒதுக்கீடு இல்லை” என்று வந்தால்

கழகத்திலிருந்து அநேகமாக வரும் முதல் பதில் இது. இதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாரத்துக்குள் திருப்பி எழுதுங்கள், மூன்று கேள்வியோடு: பொறியியல் பிரிவு இடத்தைப் பார்த்ததா, எந்தத் தேதியில்? மதிப்பிட்ட செலவு எவ்வளவு? அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் இது எந்தத் தலைப்பின் கீழ் முன்வைக்கப்படும்? செலவுத் தொகை கையில் கிடைத்துவிட்டால் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து ஒரு பகுதியைக் கேட்கலாம். உதாரணமாக, 600 மீட்டர் கேட்டிருந்தால் அதை இரண்டு ஆண்டாகப் பிரித்து, பஸ் நிறுத்தத்துப் பக்கத்தை முதலில் கேட்கவும் முடியும். விளக்கு வந்ததும் அதே ஐந்து நாள், அதே நேரம் மறுபடி எண்ணுங்கள். அடுத்த கடிதத்தின் இரண்டாம் பத்தி அதுதான். கோப்பின் நகல் இரண்டு வீட்டிலாவது இருக்கட்டும். தாமான் வீடு வாங்கிக் குடிபோகிறவர் கோப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.