விட்ட பயிற்சியைத் தொடரும்போது மூச்சை நம்பாதீர்கள்

மொரீசியசில் உடற்பயிற்சி விட்டுப்போவதற்கு ஆண்டின் தொடக்கமே வழி செய்துவிடுகிறது. டிசம்பர் விடுமுறையும் விருந்தும் முடிவதற்குள் புயல் காலம் வந்துவிடும்; புயல் ஓய்ந்தால் தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதம் தொடங்கிவிடும். 2024இல் இவை மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வந்தன: ஜனவரி 15 அன்று பெலால் புயல், 25 அன்று காவடி. பிப்ரவரியில் நான் மீண்டும் காலணியை மாட்டியபோது ஏழு வாரங்கள் ஓடிப்போயிருந்தன. அப்போது நான் செய்த தவற்றிலிருந்தே இதைத் தொடங்குவது நல்லது.

கியூர்பிப்பில் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலைவாயைச் சுற்றியுள்ள சாலைதான் என் வழக்கமான இடம். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரும். முதல் வாரம் மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் மூச்சு சீராகிவிட்டதைக் கண்டு, பழைய கணக்கிலேயே நான்கு சுற்று ஓடினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் காலைத் தரையில் வைத்தபோது வலது குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாண் விறகுக்கட்டை போல விறைத்து நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்த பிறகே அது இளகியது. மீண்டும் ஓட மூன்று மாதங்கள் ஆயின.

காரணம் எளியது. பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால்தான் இரண்டு வாரம் விட்டாலே மேட்டில் ஏற மூச்சு இரைக்கிறது. ஆனால் முதலில் திரும்பி வருவதும் அதுவே. தசையின் வலிமை இரண்டு மூன்று வாரங்கள் பெரிதாகக் குறையாமல் நிற்கும். அதற்குப் பின் குறைந்தாலும், புதிதாகத் தொடங்குபவரைவிட முன்பே பழகியவருக்கு விரைவில் மீளும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அவை சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூச்சு "போதும், இன்னும் ஓடலாம்" என்று சொல்லும் மூன்றாவது, நான்காவது வாரம்தான் ஆபத்தான காலம்.

எவ்வளவிலிருந்து தொடங்குவது என்பது எவ்வளவு காலம் விட்டோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு வாரத்துக்குள் என்றால் பழைய அளவிலிருந்து சற்றுக் குறைத்தால் போதும். ஒன்று முதல் மூன்று மாதம் என்றால் பாதியிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் மேல் என்றால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், புதியவராகவே உங்களை எண்ணிக்கொள்ளுங்கள். நோயினால் படுத்திருந்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள், வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வுடன், சமதரையில் இருபத்தைந்து நிமிடம் நடந்தால் போதும். கூட வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகமே சரியான வேகம். மூன்றாவது வாரத்தில் நாட்களையோ நேரத்தையோ கூட்டலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. வேகத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டலாம் என்று பலர் சொல்லும் கணக்கு ஒரு தோராயமே. காலையில் குதிகாலும் முழங்காலும் சொல்வதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நடையோடு வாரத்துக்கு இருமுறை தசைப்பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது ஆகியவற்றைப் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யலாம். நாணுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு: வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு குதிகால்களையும் உயர்த்தி, பிறகு மூன்று எண்ணும்வரை மெல்லக் கீழே இறக்குவது. இறக்குவதில்தான் பலன் இருக்கிறது. சட்டென்று விட்டுவிட்டால் பயனில்லை. எடை தூக்குபவர்கள் முன்பு தூக்கியதில் பாதியை எடுத்து, இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

தொடங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு; மூன்று நாளில் தணியும். ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலியோ மயக்கமோ வந்தால் நடையை நிறுத்தி, அவசர மருத்துவ உதவிக்கான 114ஐ அழையுங்கள்.

சர்க்கரை நோய் எட்டிப்பார்க்காத வீடு நம் தீவில் அரிது. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும், பயிற்சி நின்றிருந்த காலத்தில் மருந்தின் அளவு கூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும்; அதே அளவோடு மீண்டும் நடக்கத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். புறப்படும் முன் சோதித்துப் பார்த்து, சட்டைப்பையில் நாலைந்து இனிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நடந்து வந்ததும் காலுறையைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள். காவடிக்கு வெறுங்காலில் தாரில் நடந்து வந்தவர்களுக்குக் கொப்புளமோ வெடிப்போ இருந்தால், அது ஆறும்வரை பொறுத்திருப்பதே நல்லது. விரத நாட்களில் மெல்ல நடந்தால் போதும். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

ஆறாவது வாரம் முடிந்ததும், காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயில் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறுவது மூச்சுக்கான சோதனை. இறங்குவதுதான் தசைக்கும் நாணுக்கும் சோதனை, ஆகவே கைப்பிடியைப் பற்றி நிதானமாக இறங்குங்கள். முடிவை அன்றே எடுக்க வேண்டாம். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் விறைக்கவில்லை என்றால், அந்த வாரம் ஓடத் தொடங்கலாம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறி, ட்ரூ ஓ செர்ஃபில் இரண்டே சுற்று.