எதைக் கடந்தது? கடந்தநிலை பற்றிப் பேசும்போது நேரும் பிழைகள்

‘கட’ என்பது செயப்படுபொருள் குன்றாவினை. ஆற்றைக் கடந்தான், வாசலைக் கடந்தாள் என்று எதையாவது சொன்னால்தான் அந்த வினை முழுமை பெறும். ஆனால் சமயச் சொற்பொழிவிலும் மெய்யியல் கட்டுரையிலும் ஓவியக் கண்காட்சிக் குறிப்பிலும் ஓர் எல்லைக்கு அப்பாற்பட்டு நிற்பதைக் குறிக்கும் ‘கடந்தநிலை’ என்ற சொல் வரும்போது, எதைக் கடந்த நிலை என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பொருளைச் சுற்றியுள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வி விடுபட்டதால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

சொல்லைப் பிரித்தால் தத்துவம் கிடைத்துவிடும் என்று நம்புவது இவற்றுள் மிகவும் பரவலானது. ‘கடந்தும் உள்ளும் இருப்பதால் கடவுள்’ என்ற விளக்கத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. கருத்து அழகானதுதான், சொல்லாராய்ச்சியாக அது நிற்பது கடினம். செய்யுள், விக்குள் என்ற சொற்களில் வரும் ‘உள்’ தொழிற்பெயர் விகுதியாக இருப்பது போலவே, இங்கும் அதை விகுதியாகக் கொள்ள இடமுண்டு. ‘உள்ளே’ என்ற பொருளை அதிலிருந்து கட்டாயமாகப் பெற முடியாது. மேலும், குறுந்தொகையின் 87ஆம் பாடலில் கபிலர் காட்டும் கடவுள் அண்டங்களுக்கு அப்பால் இருப்பவர் அல்லர். ஊர் மன்றத்து மராமரத்தில் தங்கிக் கொடியவர்களைத் தண்டிக்கும் அச்சந்தரும் தெய்வம். சொல்லின் வரலாறு ஒரு வழியிலும் பிற்காலச் சமயக் கருத்து வேறு வழியிலும் நடந்திருக்க, பின்னதை முன்னதன் மேல் ஏற்றிப் படிப்பது இரண்டையும் மங்கச் செய்கிறது.

‘அப்பால்’ என்பதைத் தொலைவாகப் புரிந்துகொள்வது அடுத்த பிழை. வானத்துக்கு மேலே இன்னொரு மாடி, அதில் இறைவன் என்ற கற்பனையில், அவன் எவ்வளவுக்கு எவ்வளவு கடந்தவனோ அவ்வளவுக்கு அவ்வளவு நம்மை விட்டு விலகியவன் ஆகிவிடுகிறான். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் ‘விண்ணிறைந்து மண்ணிறைந்து மிக்காய்’ என்று பாடும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நிறைவு, அதன் பிறகே மிகுதி. குடம் நிரம்பிய பிறகுதானே நீர் வழியும்? அடங்காமல் மிகுந்து நிற்பதே இங்கே கடத்தல், விலகிப் போவதன்று. ஆகவே கடந்திருத்தலையும் உள்ளுறைதலையும் தராசின் இரு தட்டுகளாக்கி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று கணக்கிடுவது பொருந்தாது. உயிரோடு இறைவனுக்குள்ள உறவைச் சைவ சித்தாந்தம் கலப்பினால் ஒன்றாய், பொருள்தன்மையால் வேறாய், உயிருக்கு உயிராய் நிற்பதால் உடனாய் என மூன்று வகையிலும் ஒருசேரச் சொல்வதும் இதனால்தான்.

உருவமற்றதே கடந்தது, உருவமுள்ளது அதற்குக் கீழ்ப்படி என்ற எண்ணம் படித்தவர்களிடையே அதிகம். அதற்குச் சான்றாகச் சிதம்பரத்தைக் காட்டுவோரும் உண்டு. அங்குள்ள நடராசர் கோயிலின் கருவறையான சிற்சபையில் திரையை விலக்கியதும் தெரிவது தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடமே. ‘ஒன்றுமே இல்லையே’ என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள். ‘அந்த ஒன்றுமில்லாமைதான் கடவுள்’ என்று பக்கத்தில் இருப்பவர் விளக்கம் சொல்வார். இருவருமே பக்கத்தில் இருப்பதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அதே சபையில் நடராசர் உருவமாகவும், படிகலிங்கம் அருவுருவமாகவும், வெளி அருவமாகவும் இருக்க, மூன்றுக்கும் வழிபாடு நடக்கிறது. அதோடு, பெரும்பாலான கோயில்களில் மூலவர் கருவறையை விட்டு அசையாமல் இருக்க, உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கோ ஆனியிலும் மார்கழியிலும் அந்த நடராசரே தேரேறி வருகிறார். வெற்றிடத்தை மட்டுமே உண்மையாகவும் மற்றவற்றைப் பாமரருக்கான ஏற்பாடாகவும் கருதிய ஒருவர் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது.

பிருகதாரணியக உபநிடதத்தின் ‘நேதி நேதி’யையும் இதே போலத் துண்டாக எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பகுதி, பிரம்மம் என்னும் பரம்பொருளுக்கு மூர்த்தம் (உருவம்), அமூர்த்தம் (அருவம்) என இரு வடிவங்கள் உண்டு என்று தொடங்குகிறது. அவற்றை விரித்துரைத்த பிறகே ‘இதுவன்று, இதுவன்று’ என்கிறது. அப்படியானால் அருவமும் மறுக்கப்படும் பட்டியலில்தான் இருக்கிறது! ‘சொல்லுக்கு எட்டாதது’ என்று முதல் வரியிலேயே எழுதி முடித்துவிடுபவர்கள், சொல்லை எட்டும் மட்டும் கொண்டுபோகும் உழைப்பைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

கடந்தநிலை என்றாலே கடவுள் என்று கொள்வதும் சரியன்று. படைத்தவன் என்று ஒருவனை வைக்காத பௌத்தத்திலும் ‘லோகோத்தரம்’, அதாவது உலகைக் கடந்தது என்ற கருத்து மையமானது.

மெய்யியலில் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட்டைப் பற்றி எழுதும்போது மொழிபெயர்ப்பே பிழைக்கு வழி செய்கிறது. 1781இல் வெளிவந்த தம் ‘தூய அறிவு பற்றிய விசாரணை’ என்ற நூலில் அவர் ‘டிரான்சென்டென்ட்’, ‘டிரான்சென்டென்டல்’ என்ற இரு சொற்களைக் கையாள்கிறார். முன்னது, அனுபவத்தின் எல்லையைத் தாண்டிப் போக முயல்வது. பின்னது, அனுபவம் என்ற ஒன்று நிகழ்வதற்கே முன்நிபந்தனையாக இருப்பவற்றை ஆராய்வது. காலமும் இடமும் பொருள்களிலிருந்து நாம் பெற்றவை அல்ல, நாம் காணும் முறையிலேயே அமைந்தவை என்பது போன்ற ஆய்வு அது. (கான்ட்டே சில இடங்களில் இரண்டையும் கலந்துவிடுகிறார் என்பது வாசகருக்குச் சிறு ஆறுதல்.) இரண்டையும் தமிழில் ‘கடந்த’ என்றே எழுதினால், எல்லை தாண்டாதே என்று எச்சரித்தவரை எல்லைக்கு அப்பால் அழைத்துச் செல்லும் குருவாக ஆக்கிவிடுவோம். அவர் தந்த உவமையே இதற்குப் போதும்: காற்றைக் கிழித்துப் பறக்கும் புறா அதன் எதிர்ப்பை உணர்ந்து, காற்றே இல்லாத வெளியில் இன்னும் எளிதாகப் பறக்கலாம் என்று எண்ணக்கூடும். தடையாகத் தோன்றும் காற்றே அதன் சிறகைத் தாங்குகிறது என்பது அந்தப் புறாவுக்குத் தெரியாது.

கலையைப் பற்றிய எழுத்தில் அந்தப் புறா அடிக்கடி பறக்கிறது. மெய்சிலிர்த்தது, கண்ணீர் வந்தது, ஆகவே இது கடந்தநிலை என்று முடிவு கட்டுகிறோம். தொலைக்காட்சித் தொடருக்கும் கண்ணீர் வரும். கலைப்படைப்பு பொருளுலகை உதறிவிட்டு உயர்கிறது என்பதும் அதே வகைப் பேச்சே. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1971இல் திறக்கப்பட்ட ராத்கோ வழிபாட்டு மண்டபத்தில், எண்கோண அறையின் சுவர்களில் ஓவியர் மார்க் ராத்கோ வரைந்த 14 பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. கருமையும் கருஞ்சிவப்பும் ஊதாவுமாய், உருவம் எதுவும் இல்லாதவை. திறப்பைக் காண ராத்கோ உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கூரைச் சாளரத்தின் வழியே இறங்கிய டெக்சஸ் வெயில் ஓவியங்களுக்குத் தாங்க முடியாத அளவு கடுமையாக இருந்ததால், தடுப்புகளைப் பொருத்தினார்கள். தடுப்புகள் அறையை இருட்டாக்கின. கடைசியில் புதிய கூரைச் சாளரம் அமைத்து 2020இல் மண்டபத்தை மீண்டும் திறந்தார்கள். அரை நூற்றாண்டு முழுவதும் அங்கே நடந்த வாதம் எவ்வளவு ஒளி, எந்தக் கோணத்தில், எந்தச் சுவரில் என்பதைப் பற்றியது.