மார்கழிப் பனியில் வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர், சூளகிரி வட்டாரத்தில் விடியற்காலை மூடுபனி இறங்கிவிடுகிறது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கே நெருங்கிய பிறகுதான் கண்ணில் படும் அந்த வேளையில், சிறு பின்விளக்கை நம்பித் தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிளை இறக்குவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேலைக்குச் செல்வோருக்குப் பயிற்சிக்குக் கிடைப்பதோ அந்த விடியற்காலை மட்டும்தான். ஆகவே தை முடியும் வரை வார நாட்களில் மூன்று முறை வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கி) மிதிப்பதும், ஞாயிறன்று பனி விலகிய பின் சாலைக்குச் செல்வதும் நல்ல ஏற்பாடு.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பின்சக்கரத்தை உருளையின்மேல் அழுத்தி நிறுத்தும் டிரெய்னரே போதும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செயினை மாட்டும் வகையில் சத்தம் குறைவு என்றாலும் விலை மிக அதிகம். ஒவ்வொரு முறையும் டயரில் ஒரே அளவு காற்று அடித்து, உருளையை அழுத்தும் திருகையும் ஒரே அளவு திருக வேண்டும். இல்லாவிட்டால் போன வாரத்தைவிட இன்று முன்னேறியிருக்கிறோமா என்பதை ஒப்பிட வழியே இருக்காது. பயிற்சி முடிந்ததும் உருளையைத் தளர்த்திவிடுங்கள்.

பலரும் அலட்சியப்படுத்துவது காற்றோட்டத்தைத்தான். மிதிக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. சாலையில் எதிர்க்காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அறைக்குள் அது உடலிலேயே தங்கி இதயத்துடிப்பை ஏற்றிவிடுவதால், கால்கள் களைக்கும் முன்பே மூச்சு வாங்குகிறது. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் சன்னலைத் திறந்து, மேசை விசிறியை மார்புக்கு நேராக வையுங்கள். மின்விசிறி தலைக்கு மேல் சுற்றுவது போதாது. ஹேண்டில்பார்மீது துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். வியர்வையின் உப்பு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டுகளிலும், அது திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டிலும் இறங்கினால் சில மாதங்களில் துரு பிடித்துவிடும். நம் பகுதி வீடுகளில் கிரானைட் தரை மிகுதி. வியர்வை சொட்டினால் இறங்கும்போது வழுக்கும் என்பதால் கீழே ரப்பர் விரிப்பு அவசியம்.

ஒரு மணி நேரமே போதும், ஏனெனில் உள்ளே மிதிக்காமல் உருளும் இறக்கங்களே கிடையாது. முதல் 15 நிமிடம் இலேசாக மிதித்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு ஓரிரு சொற்களுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 8 நிமிடம், இலேசாக 4 நிமிடம் என மூன்று சுற்றுகள்; கடைசி 9 நிமிடம் மெல்லத் தணியுங்கள். இதை வாரத்துக்கு ஒருநாள் மட்டும் செய்தால் போதும். மற்ற இரு நாட்களும் பேசிக்கொண்டே மிதிக்கும் அளவில் இருக்கட்டும். அந்நாட்களில் பெடல் சுழற்சியைக் கவனியுங்கள். வலது கால் கீழே வருவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், 90 அளவில் வர வேண்டும். இருக்கையில் அழுத்தம் ஓரிடத்திலேயே விழுவதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள். ஆனால் சைக்கிளைப் பக்கவாட்டில் ஆட்டி இழுக்காதீர்கள், சட்டகத்துக்கு அது நல்லதல்ல.

அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் அருகில் இருக்கட்டும். முடிந்ததும் மோரும் உப்பும் கலந்த ராகிக் கூழ் குடித்தால் இழந்த நீரும் உப்பும் திரும்பும், பசியும் அடங்கும்.

வளைவில் சாய்வதையும் பிரேக்கை அளந்து பிடிப்பதையும் டிரெய்னர் கற்றுத்தராது. ஞாயிற்றுச் சவாரி அதற்காகத்தான். தருமபுரிக்காரர்கள் அதற்குத் தொப்பூர் கணவாயின் லாரி நெரிசலைத் தவிர்த்துக் கிராமச் சாலைகளைத் தேர்ந்தெடுக்கலாம். டிரெய்னரில் தேய்ந்த பின்டயரைக் கழற்றி, சாலைக்கென வைத்திருக்கும் டயரை மாட்டிக்கொண்டே புறப்படுங்கள்.