கண்டன அறிக்கையை எப்படி வாசிப்பது: இரவுப் பணியில் கற்றது

ஒரு நாளிதழில் 22 வருடம் இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். காஷ்மீரில் பஹல்காம் தாக்குதல் நடந்த வாரத்தில் ஒரு பெண் கேட்டாள்: "சார், எல்லா நாடும்தான் கண்டிக்குது. அப்புறம் எதுக்கு இந்தியா இன்னும் பேசிட்டே இருக்கு?" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூல அறிக்கையை எடுங்கள். செய்தித்தாளின் சுருக்கம் போதாது, நான் எழுதிய சுருக்கமாக இருந்தாலும் சரி. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் அறிக்கைகள் ஐ.நா. இணையதளத்திலும், இந்தியா கையெழுத்திட்ட கூட்டறிக்கைகள் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை அவசரத்தில் "பாகிஸ்தானுக்கு உலக நாடுகள் கண்டனம்" என்று தலைப்பு வைத்துவிட்டேன். காலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்து, "தம்பி, அது எந்த வரியில இருக்கு?" என்றார். எந்த வரியிலும் இல்லை. அன்றிலிருந்து மூலத்தைப் பக்கத்தில் வைக்காமல் ஒரு தலைப்பும் எழுதியதில்லை.

அடுத்து, கண்டன வாக்கியத்தைத் தாண்டிப் போங்கள். "எல்லா வடிவங்களிலும் பயங்கரவாதத்தைக் கண்டிக்கிறோம்" என்பது எல்லா அறிக்கையிலும் வரும் வரி. அதற்குச் சம்மதிக்காத நாடு கிடையாது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று வரையறுக்கப் போனால்தான் சண்டை. அதற்கான முழுமையான உடன்படிக்கை ஒன்றை இந்தியா 1996-லேயே ஐ.நா.வில் முன்வைத்தது, இன்றுவரை நிறைவேறவில்லை.

பென்சிலால் கோடு போட வேண்டியது மூன்று இடங்களில்: எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது, எந்த அரசோடு ஒத்துழைக்கச் சொல்கிறது, தாக்குதலுக்கும் அறிக்கைக்கும் இடையில் எத்தனை நாள். பெயர்கள்தான் பேரம் பேசப்படுபவை. பாதுகாப்பு மன்றத்தின் பத்திரிகை அறிக்கை வெளிவர 15 உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் சொல் போய்விடும், அல்லது அறிக்கையே தள்ளிப்போகும்.

இப்போது இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், ஒருவர் அரியலூர் மாவட்டம். அந்தப் பெயர்களைச் செய்தியில் சேர்த்தபோது கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. ஏழு நாள் கழித்து, பிப்ரவரி 21-ல் அறிக்கை வந்தது. அதில் பாகிஸ்தானிலிருந்து இயங்கும் ஜெய்ஷ்-எ-முகமது அமைப்பு பொறுப்பேற்றது என்று பெயரோடு இருந்தது. எல்லா நாடுகளும் "இந்திய அரசோடும்" மற்ற அதிகாரிகளோடும் ஒத்துழைக்க வேண்டும் என்று இருந்தது.

2025 ஏப்ரல் 22, பஹல்காம். பைசரன் புல்வெளிக்குச் சுற்றுலா போனவர்களும், அவர்களைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர்க்காரர் ஒருவருமாக 26 பேர் கொல்லப்பட்டார்கள். அறிக்கை மூன்றே நாளில், ஏப்ரல் 25-ல் வந்துவிட்டது. ஆனால் முதலில் பொறுப்பேற்ற டி.ஆர்.எஃப். (தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரன்ட்) அமைப்பின் பெயர் அதில் இல்லை. "இந்திய அரசோடு" என்ற சொற்களும் இல்லை. "சம்பந்தப்பட்ட அதிகாரிகளோடு" என்று மட்டும் இருந்தது. நடுவில் என்ன மாறியது? 2025-ல் பாகிஸ்தான் பாதுகாப்பு மன்றத்தின் தற்காலிக உறுப்பினர். அந்தப் பெயரை எடுக்கவைத்தது நாங்கள்தான் என்று அதன் வெளியுறவு அமைச்சர் இஷாக் தார் தங்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அந்தப் பெண்ணிடம் இரண்டு தாளையும் கொடுத்து, வித்தியாசத்தை அவளையே கண்டுபிடிக்கச் சொன்னேன். பத்து நிமிடம் ஆனது. கண்டுபிடித்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மேடை மாறினால் சொல்லும் மாறும், அதையும் பாருங்கள். 2025 பிப்ரவரியில் மோடியும் டிரம்பும் வெளியிட்ட கூட்டறிக்கை, 26/11 மும்பை, பதான்கோட் தாக்குதல் குற்றவாளிகளை நீதியின் முன் நிறுத்தும்படி பாகிஸ்தானைப் பெயர் சொல்லிக் கேட்டது. அதே அமெரிக்கா உட்கார்ந்திருந்த குவாட் (இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா) வெளியுறவு அமைச்சர்கள் ஜூலை 1-ல் பஹல்காமைக் கண்டித்தபோது பாகிஸ்தான் பெயர் இல்லை. நான்கு பேர் சேர்ந்து எழுதும் தாளில் இருவர் எழுதும் தாளின் கூர்மை இருக்காது. "எல்லை தாண்டிய பயங்கரவாதம்" என்ற தொடர் இருந்தால், பெயர் சொல்லாமல் பாகிஸ்தானைத்தான் சுட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து போடாததும் ஒரு செய்திதான். 2025 ஜூனில் சீனாவின் சிங்தாவோவில், இந்தியா, பாகிஸ்தான், சீனா, ரஷ்யா எல்லாம் உறுப்பினர்களாக உள்ள ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் பாதுகாப்பு அமைச்சர்கள் கூடினார்கள். வரைவில் பஹல்காம் இல்லாததால் ராஜ்நாத் சிங் கையெழுத்திட மறுத்தார். கூட்டறிக்கையே வரவில்லை. செப்டம்பர் 1 அன்று தியான்ஜினில் அதே அமைப்பின் தலைவர்கள் பஹல்காமைக் கண்டித்தார்கள். ஆனால் பாகிஸ்தானில் ஜாபர் எக்ஸ்பிரஸ் ரயில் மீது நடந்த தாக்குதலும் அதே அறிக்கையில் கண்டிக்கப்பட்டது. அங்கே இறந்தவர்களும் மனிதர்கள்தான், அதைக் கண்டித்ததில் எனக்குக் குறை இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே தாளில் இடம் கொடுத்துத்தான் அந்த ஒப்புதல் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, 2009 ஜூலை 16-ல் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் மன்மோகன் சிங்கும் அன்றைய பாகிஸ்தான் பிரதமர் கிலானியும் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். பயங்கரவாதத்தின் மீதான நடவடிக்கையைப் பேச்சுவார்த்தையோடு இணைக்கக் கூடாது என்று ஒரு வரி. பேச்சுவார்த்தை நடக்காவிட்டாலும் பாகிஸ்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் படிக்கலாம். நடவடிக்கை எடுக்காவிட்டாலும் இந்தியா பேச வேண்டும் என்றும் படிக்கலாம். அதோடு பலூசிஸ்தான் என்ற சொல்லும் உள்ளே வந்திருந்தது; அங்கே நடக்கும் கிளர்ச்சிக்கு இந்தியாதான் காரணம் என்று பாகிஸ்தான் குற்றம் சாட்டும் மாகாணம் அது. டெல்லியில் நாடாளுமன்றமே கொந்தளித்தது.

கடைசியாக, சொல்லுக்குப் பின்னால் செயல் வந்ததா என்று தேதி போட்டுத் தொடருங்கள். ஜெய்ஷ் தலைவர் மசூத் அசாரை ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்க்கும் முயற்சியைச் சீனா பலமுறை நிறுத்தி வைத்தது. 2019 மே 1-ல்தான் வழிவிட்டது. பாதுகாப்பு மன்றம் பெயர் சொல்லாத டி.ஆர்.எஃப்.-ஐ, பாகிஸ்தானைத் தளமாகக் கொண்ட லஷ்கர்-எ-தொய்பாவின் முகமூடி என்று சொல்லி, 2025 ஜூலையில் அமெரிக்கா தன் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயங்கரவாதி, தீவிரவாதி, கிளர்ச்சியாளர் மூன்றும் ஒன்றல்ல. நம் பத்திரிகைகளில் எல்லாமே "தீவிரவாதி" ஆகிவிடுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். மூலத்தில் எந்தச் சொல்லுக்காக நாடுகள் நாள்கணக்கில் மல்லுக்கட்டினவோ, அதை நாம் ஒரு நொடியில் அழித்துவிடுகிறோம்.

அந்தப் பெண் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் இதையெல்லாம் எழுதி வருகிறாள்: தேதி, மேடை, இருக்கும் பெயர், இல்லாத பெயர். போன வாரம் மூன்றாவது பக்கத்துக்கு வந்திருந்தாள்.