காலடிப்பேட்டையில் வாடகை வீடு பிடித்த விதம்

2021-இல் சென்னை மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபிறகு, நிலையத்தை ஒட்டிய தெருக்களில் கேட்கிற வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே காலடிப்பேட்டை நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடக்கும் உள்தெருக்களில் தேடினேன். அங்கே பல வீடுகளில் பலகையே தொங்காது. எது காலியாகிறது என்பது இஸ்திரி வண்டிக்காரருக்கும் பால் போடுகிறவருக்கும்தான் தெரியும். இஸ்திரி போடும் அண்ணன் கைகாட்டிய முதல் மாடி வீடுதான் இது.

வாடகை பேசுமுன் தண்ணீரைப் பார்த்தேன். கடலோரப் பகுதியில் இதை விட்டுவிடவே கூடாது. அடிபம்பில் ஒரு குடம் அடித்து, சற்று நேரம் அப்படியே வைத்தேன். அடியில் மஞ்சள் வண்டல் தங்கவில்லை. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை. குடிக்க லாரித் தண்ணீர் வருகிறதா என்று கீழ்வீட்டு அக்காவிடமும் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். "அம்மா, சட்டத்தில் மூன்றுதான் இருக்கிறது, நான் நான்கு தருகிறேன்" என்றேன். யோசித்துச் சம்மதித்தார். மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.